லுவான் மரமும் கடப்பா கல்லும்

முன்குறிப்பு: டிரம்ஸ் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். தெரிஞ்சவங்க வந்து "யோவ், அப்படி இல்லைய்யா"ன்னு சொன்னா கேட்டுக்கறேன். நான் ஒண்ணும் பெரிய டிரம்மர் கிடையாது. வாரம் அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி பிடுங்கிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் குச்சி பிடிக்கிற ரகம்.

கொஞ்ச நாள் முன்னாடி திருச்சியில இருந்து அக்கா பையன் போன் பண்ணினான்.

"மாமா, டிரம் கிட் வாங்கப் போறேன். மேப்பிள் வாங்கவா, பிர்ச் வாங்கவா? என் பட்ஜெட்டுக்கு பாப்லர்தான் வரும்போல. அது ரொம்ப மட்டமா இருக்குமா?"

இதே கேள்வியை ஒரு பதினஞ்சு வருஷம் முன்னாடி யாராவது கேட்டிருந்தா, உட்கார வெச்சு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்திருப்பேன். மேப்பிள்னா கதகதப்பு. பிர்ச்னா பளிச்னு வெட்டு. மஹாகனின்னா அடிவயித்துல இருந்து வர்ற உறுமல். பூபிங்கான்னா பணக்காரன். பாப்லர் ஏழை. லுவான்னா குப்பை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எல்லாம் கேட்லாக்கைப் பார்த்து மனப்பாடம் பண்ணினது. கேட்லாக் எழுதறவங்க சத்தத்துக்குச் சூடு, நிறம், கனம், ருசி எல்லாம் வெச்சிருப்பாங்க. நல்ல வேளை, காரம் உப்பு போடலை.

இப்ப பையன் கேட்டதும் எனக்குச் சட்டுனு பதில் வரலை. "நேர்ல வாடா, பேசிக்கலாம்"னு சொல்லி வெச்சுட்டேன். ஏன் வரலைன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

1994. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில தச்சு வேலை. நான் திருச்சியில காலேஜ் ரெண்டாம் வருஷம். காலேஜ் லைட் மியூசிக் ட்ரூப்ல டிரம்ஸ் வாசிச்ச சீனியர் படிப்பை முடிச்சுட்டுப் போயிட்டார். கேண்டீன் மேஜையில தாளம் போட்டுக்கிட்டிருந்த என்னைப் பிடிச்சு அந்த ஸ்டூல்ல உட்கார வெச்சாங்க. ஆனா அது காலேஜ் கிட். லீவு நாள்ல ரூமைப் பூட்டிடுவாங்க. எனக்கோ கை சும்மா இருக்காது. வீட்டுல தலகாணி, அரிசி டின், அண்டா எதையும் விட்டு வெக்கலை. அம்மா புலம்பாத நாளில்லை.

அந்தச் சமயத்துல தென்னூர்ப் பக்கம், சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தர் பழைய கிட் ஒண்ணை விக்கறார்னு சேதி வந்தது. தைவான்ல செஞ்சது. ரத்தச் சிவப்புல பிளாஸ்டிக் உறை போர்த்தினது. 22 இஞ்ச் கிக், 12, 13 இஞ்ச்ல ரெண்டு டாம், 16 இஞ்ச் ஃப்ளோர் டாம், ஒரு ஸ்நேர், விளிம்பு கடிபட்ட சிம்பல் ரெண்டு. விலை 11,000 ரூபாய். எங்க வீட்டுக்கு அது பெரிய பணம். அப்பா ஒண்ணும் பேசலை. சொசைட்டியில கடன் போட்டார். மறு வாரம் "வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்"னு சைக்கிளை எடுத்தார்.

அங்க போனதும் அவர் முதல்ல செஞ்ச காரியம், ஒரு டாமோட தோலைக் கழட்டச் சொன்னதுதான். வெறும் ஷெல்லை மடியில வெச்சுக்கிட்டு விரல் முட்டியால சுத்திச் சுத்தித் தட்டினார். காத்துப் போறதுக்குன்னு ஷெல்லுல ஒரு ஓட்டை இருக்குமில்லையா, அதுக்குள்ள கண்ணை வெச்சு அடுக்கை எண்ணினார். "ஒட்டுப்பலகைதான். ஆனா ஒட்டு எங்கயும் விடலை"ன்னு சொல்லிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். என்ன மரம்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. எனக்கு அது சிவப்பா இருந்ததே போதும்.

வீட்டுக்குக் கொண்டு வந்து வாசிச்சா... அவ்வ்வ். 12 இஞ்ச் டாம் 'தூம்'னு வர வேண்டிய இடத்துல 'கொட'ன்னு வருது. ஒரு பக்கம் ஸ்க்ரூவை முறுக்கினா எதிர்ப்பக்கம் தோல் சுருங்குது. அந்தப் பக்கம் முறுக்கினா இந்தப் பக்கம் ஒரு மாதிரி ஊளையிடுது. மூணு நாள் டிரம் கீயோட மல்லுக்கட்டினேன். நாலாம் நாள் ராத்திரி அப்பா சாப்பிட்டுட்டு வந்து பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம், "அதைக் கழட்டிக் கொண்டா"ன்னு சமையல் ரூமுக்குப் போனார்.

எங்க வீட்டு சமையல் மேடை கடப்பா கல். அது மேல ஷெல்லைக் கவுத்து வெச்சார். உள்ளுக்குள்ள டார்ச் லைட்டை எரிய விட்டு, மேல ஒரு போர்வையைப் போட்டு மூடிட்டு, லைட்டை அணைச்சார். இருட்டுல, ஷெல்லோட விளிம்பும் கல்லும் சேர்ற இடத்துல, மூணு எடத்துல வெளிச்சம் கசிஞ்சுது. ஒரு எடத்துல தபால் கார்டே நுழையற அளவுக்கு இடைவெளி.

"பாத்தியா? வாய் கோணலா இருக்கு. மரம் எதுவா இருந்தா என்னடா, சட்டம் சமமா இல்லேன்னா கதவு மூடாது."

அந்த ஞாயித்துக்கிழமை அந்தக் கல் மேல உப்புத்தாளை வரிசையா ஒட்டினார். ஷெல்லைக் கவுத்துப் பிடிச்சு மாவாட்டற மாதிரி சுத்தினார். பத்து சுத்துக்கு ஒரு தடவை தூக்கி, விளிம்பு முழுக்கப் பென்சில்ல கோடு போடுவார். மறுபடி சுத்துவார். எங்க பென்சில் அழியாம இருக்கோ அங்க பள்ளம்னு அர்த்தம். பள்ளம் மறையற வரைக்கும் மத்த இடத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் அரத்தை எடுத்து உள்பக்கமா ஒரே சரிவா ராவினார். கடைசியா மெழுகுவத்தியை விளிம்பு முழுக்கத் தேய்ச்சார். இழுப்பறை சிக்காம வர்றதுக்கு மெழுகு தேய்ப்பாங்களே, அந்த மாதிரி. டாமும் ஃப்ளோர் டாமும் முடிக்கவே மூணு ஞாயிறு ஆச்சு. "ஏங்க, நான் சப்பாத்தியை எங்க தேய்க்கட்டும்?"னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மூணு வாரமும் எங்க வீட்டுல சப்பாத்தி கிடையாது.

அதுக்கப்புறம் அந்த டாம் சத்தத்தை எப்படிச் சொல்றது... விரலால சுண்டினாலே 'தூ...ம்'னு போய் மெல்ல அடங்கும். எந்த ஸ்க்ரூக்கிட்ட தட்டினாலும் ஒரே சுருதி. கல்யாணக் கச்சேரி, கோவில் திருவிழான்னு திருச்சி, லால்குடி, முசிறிப் பக்கமெல்லாம் அந்தச் சிவப்பு கிட் வேன் மேல ஏறிப் போச்சு. "தம்பி, டிரம்ஸ் எந்த ஊர்ல வாங்கினது?"ன்னு கேட்ட ட்ரூப்காரங்க உண்டு.

அப்புறம் வேலை கிடைச்சு சென்னைக்கு வந்தேன். கையில காசு, வீட்டுல இன்டர்நெட், சாயங்காலம் ஆனா அண்ணா சாலையில மியூசி மியூசிக்கல் வாசல்ல நின்னு கண்ணாடிக்குள்ள பார்க்கறது. இந்த மூணும் சேர்ந்தா மனுஷன் உருப்படுவானா? அப்பதான் ஷெல் மரம்ங்கிற விஷயம் எனக்குள்ள புகுந்தது. படிக்கப் படிக்க, என் சிவப்பு கிட் லுவான்னு தெரிஞ்சது. லுவானை 'பிலிப்பைன் மஹாகனி'ன்னு சொல்லி விப்பாங்க. ஆனா நிஜ மஹாகனிக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மஹாகனி ஸ்வீட்டேனியா, லுவான் ஷோரியா. தென்கிழக்கு ஆசியாவுல அந்தக் காலத்துல மலிவா கிடைச்ச மரம், அதனால மலிவு கிட் எல்லாம் அதுலதான். 'ஆரம்பக்காரங்களுக்கு'ன்னு எழுதியிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தை என்னை ரொம்பக் குத்திடுச்சு. பன்னெண்டு வருஷமா வாசிக்கிறேன், நான் ஆரம்பக்காரனா?

2007-ல பர்சனல் லோன் போட்டு 85,000 ரூபாய்க்கு மேப்பிள் கிட் வாங்கினேன். சிவப்பு கிட்டைத் திருவெறும்பூர் லைட் மியூசிக் பையன் ஒருத்தனுக்கு 9,000-க்குக் கொடுத்தேன். வந்து எடுத்துட்டுப் போன அன்னைக்கு நான் சென்னையில. அப்பாதான் ஒவ்வொண்ணா வேன்ல ஏத்திவிட்டார். ராத்திரி போன்ல, "வித்துட்டியா?"ன்னார். "அது லுவான்ப்பா, மட்ட மரம். இப்ப வாங்கினது மேப்பிள்"னேன். "சரிப்பா, நல்லதா வாங்கினாச் சரி"ன்னார். மட்ட மரம்னு யார்கிட்ட சொல்றோம்கிற நினைப்பே இல்லை எனக்கு. முப்பது வருஷம் மரத்தைத் தொட்டுப் பிழைச்ச மனுஷன்கிட்ட. 2011-ல அப்பா தவறிட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். மரத்துக்கும் சத்தத்துக்கும் என்னதான் சம்பந்தம்?

டிரம்ல சத்தம் போடறது தோல். இப்ப தோல்னு சொல்றது பழக்கதோஷம். 1957 வாக்குல ரெமோ பெல்லி மாதிரியான ஆளுங்க பிளாஸ்டிக் ஹெட்டைக் கடைக்குக் கொண்டு வந்ததுல இருந்து கன்னுக்குட்டித் தோல் போச்சு. நாம அடிக்கிற மேல் ஹெட் அதிரும். அது உள்ள இருக்கிற காத்தைத் தள்ளும். காத்து கீழ் ஹெட்டைத் தள்ளும். கீழ் ஹெட் திருப்பித் தள்ளும். இந்த மூணு பேரும் சேர்ந்து பண்ற ரகளைதான் டாம் சத்தம். ஷெல்லும் அதிரும்தான், ஆனா அந்த அதிர்வு ஹெட்டோட அதிர்வுக்கு முன்னாடி ரொம்பச் சின்னது. ஷெல்லோட முக்கிய உத்தியோகம் வட்டமா இருக்கறது, ஹெட்டைச் சமமாத் தாங்கறது, ஆடாம நிக்கறது. மெல்லிசான ஷெல் ஹெட்டோட சேர்ந்து கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்துல ஹெட்டோட சக்தி கொஞ்சம் கரையும். கனமான ஷெல் கல்லு மாதிரி நிக்கும், அதனால ஹெட் தன் பாட்டுக்கு ரீங்காரம் பண்ணும். இதெல்லாம் கனத்தோட, விறைப்போட வேலை. மரத்தோட பேரு அதுக்கு அப்புறம்தான்.

அந்தக் கனமாவது மரத்துக்கு மரம் பெருசா மாறுதான்னு பார்த்தா, அங்கயும் ஒரு வேடிக்கை. காய்ஞ்ச ஹார்ட் மேப்பிள் ஒரு கன மீட்டர் சுமார் 700 கிலோ. யெல்லோ பிர்ச் சுமார் 690. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் ஒரு நல்ல மழைக்காலம் கொடுக்கிற ஈரத்துல காணாமப் போயிடும். ஆனா கேட்லாக்ல ஒண்ணு கதகதப்பு, இன்னொண்ணு வெட்டு! மஹாகனி 590 பக்கம், துலிப் பாப்லர் 450 பக்கம். இவங்களுக்குள்ளேயாவது கொஞ்சம் வித்தியாசத்தை நம்பலாம். அதுலயும் ஷெல்ங்கறது ஒரே மரத்துண்டு இல்லை. காகிதம் மாதிரி சீவின மரத்தாளைப் பசை தடவி, குறுக்கும் நெடுக்குமா ஆறு, எட்டு அடுக்கு வெச்சு, உருளை அச்சுக்குள்ள சூட்டுல அழுத்தி எடுக்கறது. நார் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே ஓடறதால மரத்தோட சொந்தக் குணம் பாதி அங்கேயே மட்டுப்பட்டுடும். மீதியில பசைக்கும் பங்கு உண்டு.

இதுல அப்பா 'வாய்'னு சொன்னாரே, அதுக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு பேரிங் எட்ஜ். ஹெட் ஷெல்லைத் தொடற ஒரே இடம் அதுதான். 45 டிகிரியில கூராச் செதுக்கினா ஹெட்டைத் தொடற பரப்பு கம்மி, ரீங்காரம் ஜாஸ்தி. மழுங்க உருட்டி விட்டா ஹெட்டை அணைச்சுப் பிடிச்சுக்கும், சத்தம் சீக்கிரம் அடங்கும், உருண்டையா இருக்கும். பழைய காலத்து டிரம்மோட 'கதகதப்பு'ன்னு கொண்டாடறாங்களே, அதுல மரத்தோட பங்கு எவ்வளவு, மழுங்கின விளிம்போட பங்கு எவ்வளவுன்னு பிரிக்கறது கஷ்டம்.

1964 பிப்ரவரியில பீட்டில்ஸ் அமெரிக்கா போய் எட் சல்லிவன் நிகழ்ச்சியில வாசிச்சதை 7 கோடிப் பேருக்கு மேல டிவியில பார்த்தாங்க. ரிங்கோ ஸ்டார் உட்கார்ந்திருந்தது லட்விக் கிட். அந்தக் கால லட்விக் ஷெல் மஹாகனி, பாப்லர், மேப்பிள்னு கலந்து கட்டின மூணு அடுக்கு, உள்ளுக்குள்ள பெயிண்ட். உள்ள என்ன மரம்னு எட்டிப் பார்த்தாலும் தெரியாது! க்ரெட்ச் கம்பெனி உள்பக்கம் வெள்ளிக் கலர்ல பெயிண்ட் அடிச்சான். மரத்தைக் காட்டி விக்கணும்கிற வழக்கம் அப்ப வரலை. அது பின்னாடி வந்த பழக்கம்.

இன்னொரு ஆள், ஜான் பான்ஹம். லெட் செப்பலின் டிரம்மர். டிரம்ஸ் சத்தம்னாலே பாதிப் பேர் அவரைத்தான் சொல்வாங்க. 1971-ல வந்த அவங்க நாலாவது ஆல்பத்துல 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டோட டிரம்ஸ், ஒரு பழைய வீட்டு மாடிப்படிக் கூடத்துல கிட்டை வெச்சு, மேல மாடியில இருந்து ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டு எடுத்தது. பாட்டைக் கேட்டா அந்தப் படிக்கட்டு கேக்கும். மேப்பிள் கேக்காது. 1973-ல மேடையில அவர் வாசிச்சது தேன் கலர்ல கண்ணாடி மாதிரி தெரியற லட்விக் விஸ்டாலைட். முழுக்க அக்ரிலிக்! ஒரு துளி மரம் கிடையாது. 'தி சாங் ரிமெயின்ஸ் தி சேம்' படத்துல பார்க்கலாம். அப்பவும் அது பான்ஹம்தான்.

நம்ம சிவமணியை விட்டுட்டா எப்படி? மேடையில சூட்கேஸ், தண்ணி கேன்னு கையில கிடைச்சதையெல்லாம் வாசிக்கிறவர். அந்த சூட்கேஸ் மேப்பிளா பிர்ச்சான்னு யாராச்சும் கேட்டாங்களா?

பக்கத்து வீட்டு விஷயமும் ஒண்ணு. மிருதங்கத்துக்குப் பலாமரம்தான் வேணும்பாங்க. அங்க அது நியாயம், ஏன்னா அது ஒட்டுப்பலகை இல்லை. ஒரே கட்டையைக் குடைஞ்சு எடுக்கறது, கனமும் ஜாஸ்தி. அப்படியும், டி.எம். கிருஷ்ணா 2020-ல எழுதின 'செபஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தைப் படிச்சப்ப எனக்கு உறைச்சது தோலோட கதைதான். மாடு, ஆடு, எருமைன்னு ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்துப் பொறுக்கற அந்தக் கைங்க. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செஞ்சு கொடுத்த பர்லாந்து மாதிரியானவங்க. மேடையில வாசிச்சவர் பேரு மட்டும் நமக்குத் தெரியும்.

சரி, பையன் கதைக்கு வர்றேன். லீவுல சென்னைக்கு வந்தான். சும்மா வரலை, சிநேகிதனோட மலிவு பாப்லர் கிட்ல இருந்து 12 இஞ்ச் டாம் ஒண்ணைத் தூக்கிட்டு வந்திருந்தான்.

"மாமா, ஒரு டெஸ்ட் வெப்போமா?"

என் மேப்பிள் டாமும் 12 இஞ்ச். ரெண்டுக்கும் ஒரே மாதிரி புது ஹெட். போன்ல ஒரு ட்யூனர் ஆப்பை வெச்சு ஒவ்வொரு ஸ்க்ரூக்கிட்டயும் தட்டித் தட்டி ரெண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டு வந்தான். என்னைச் சுவர் பக்கம் திரும்பி உட்கார வெச்சான். பத்து அடி. ஒவ்வொண்ணும் எதுன்னு நான் சொல்லணும். தங்கமணி பேப்பர் பேனாவோட நடுவர்.

பத்துக்கு நாலு.

காசைச் சுண்டிப் போட்டிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்கும். 85,000 ரூபாய், மூணு வருஷ இ.எம்.ஐ. "இதுக்குத்தான் அந்த வருஷம் ஃப்ரிட்ஜ் மாத்த முடியாதுன்னு சொன்னீங்களா?"ன்னு கேட்டுட்டு தங்கமணி உள்ள போயிட்டாங்க. பெரிய பல்பு.

விடலை நான். மறுபடி வெச்சோம். இந்தத் தடவை பையன் ஒரு வேலை பண்ணினான். என் மேப்பிள்ல பழைய குழி விழுந்த ஹெட்டை மாட்டினான், எனக்குத் தெரியாம. நான் ஒவ்வொரு தடவையும் பாப்லரைத்தான் "இதான்டா மேப்பிள்"னு அடிச்சுச் சொன்னேன். பத்துக்குப் பத்து தப்பு. ஒரு விதத்துல அதுவும் நூத்துக்கு நூறுதான், ஹி ஹி.

ஒண்ணு சொல்லிடறேன். மரமே ஒண்ணுமில்லைன்னு நான் சொல்ல வரலை. என்கிட்ட பித்தளை ஸ்நேர் ஒண்ணும் மர ஸ்நேர் ஒண்ணும் இருக்கு. அதையும் டெஸ்ட் பண்ணினோம், ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் சரியாச் சொன்னேன். உலோகம் வேற, மரம் வேற. ஸ்டீவ் கேட் யமஹாவோட பிர்ச் கிட்ல வாசிச்சு, 1970-களோட நடுவுல வந்த அந்த ரெக்கார்டிங் கஸ்டம் வரிசை ஸ்டூடியோக்கள்ல பேர் வாங்கினது சும்மா இல்லை. ஆனா அங்கயும் நல்ல வட்டமான ஷெல், சுத்தமான விளிம்பு, எல்லாத்துக்கும் மேல கேட்டோட கை. இத்தனையையும் விட்டுட்டு பிர்ச்சுக்கு மட்டும் மாலை போட்டா அது நியாயமில்லை. பூபிங்காவை எடுத்துக்கங்க. ஆப்பிரிக்க மரம். வெட்டித் தள்ளினதுல, 2017-ல சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. 2019-ல முழுசா செஞ்ச வாத்தியங்களுக்கு மட்டும் தளர்த்தினாங்க. நாம காதுல கேட்டதா நினைச்சுக்கிட்ட 'பணக்கார சத்தத்துக்காக' ஒரு காடு கொஞ்சம் காலியாச்சு. என்னை மாதிரி பத்துக்கு நாலு வாங்கற ஆளுங்க எத்தனை பேரு அதை வாங்கியிருப்போம்!

பையன்கிட்ட சொன்னேன்: "பாப்லரே வாங்குடா. மிச்சக் காசுல நல்ல ஹெட் வாங்கி மாட்டு. அதுக்கு முன்னாடி விளிம்பைப் பார்க்கணும்."

"எப்படிப் பார்க்கறது மாமா?"

சமையல் மேடையில இப்ப கிரானைட். டார்ச்சுக்குப் பதிலா போன். லைட்டை அணைச்சுட்டு அவனோட பாப்லர் டாமைக் கவுத்தோம். கசியலை, ஒழுங்கா இருந்தது. என் மேப்பிளைக் கவுத்தோம். ஒரு எடத்துல மெல்லிசா, நூல் மாதிரி வெளிச்சம்.

இருட்டுல அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். "என்ன மாமா?"ன்னான். "இது உங்க தாத்தா சொல்லிக் கொடுத்ததுடா"ன்னேன். அவனுக்குத் தாத்தா முகமே சரியா ஞாபகம் இல்லை, ரொம்பச் சின்னப் பையன் அப்ப. கதையைச் சொன்னேன். கேட்டு முடிச்சதும் அவன் கேட்ட கேள்வி: "அந்தச் சிவப்பு கிட் இப்ப எங்க மாமா?"

அதை யோசிச்சே பார்க்காத மாதிரி பத்தொன்பது வருஷத்தை ஓட்டியாச்சு.

கண்டுபிடிக்கறது கஷ்டமா இல்லை. திருச்சி ட்ரூப்காரங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ரெண்டே போன்தான். அன்னைக்குப் பையனா வந்து வாங்கிட்டுப் போனவருக்கு இப்ப நாப்பதை ஒட்டி வயசு, சொந்தமா ட்ரூப் நடத்தறார். "அண்ணே! நீங்களா! அந்த கிட்டா? இருக்குண்ணே, நல்லா இருக்கு. சனிக்கிழமை மணப்பாறைகிட்ட ஒரு கல்யாணம், வாங்களேன்"னார்.

பையனும் நானும் போனோம். மண்டப மேடையில டிரம்ஸ் இருந்தது. முதல்ல அடையாளமே தெரியலை. சிவப்பு உறையைக் கிழிச்சுட்டு கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தார். ஸ்டாண்டெல்லாம் புதுசு. உட்கார்ந்து 12 இஞ்ச் டாமை விரலால சுண்டினேன்.

சத்தத்தைப் பத்தி இவ்வளவு நேரம் பேசியாச்சு, இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அதேதான்.

"ஷெல்லு லுவான்தாண்ணே, எனக்கும் தெரியும். ஆனா எத்தனை கிட் மாத்தினாலும் டாம் மட்டும் இதைத்தான் வெப்பேன். வாய் அவ்வளவு சுத்தமா இருக்கும்ணே. யார் செஞ்சாங்கன்னு தெரியலை, கம்பெனியில இப்படிச் செய்ய மாட்டான்"னார்.

"எங்கப்பா"ன்னேன்.

அவர் ஒண்ணும் பேசாம டிரம் கீயை எடுத்து டாமோட ஸ்க்ரூவை ஒவ்வொண்ணாத் தளர்த்தினார். ஹூப்பைத் தூக்கி ஹெட்டை எடுத்தார். உள்ள போன் வெளிச்சத்தைப் பிடிச்சுப் பார்த்தோம். செம்பழுப்பு மரம். விளிம்புக்குக் கீழ பென்சில்ல ஒரு அம்புக்குறி, பக்கத்துல 'மேல்' அப்படின்னு எழுத்து. தச்சர்கள் போடற மாதிரி தட்டைப் பென்சில்ல, பட்டையா. கீழ ஒரு தேதி, 1994 ஆகஸ்ட். அதைச் செய்யறப்ப நான் பக்கத்துலயே இருந்திருக்கேன், எழுதினதைப் பார்த்த ஞாபகமே இல்லை.

பையன் குனிஞ்சு போட்டோ எடுத்தான். நான் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். மெழுகு போயிருக்கும்னு நினைச்சேன், இன்னும் கொஞ்சம் வழுவழுன்னுதான் இருந்தது.

"தம்பி, இதை எனக்குத் திரும்பக் கொடுத்துடறீங்களா? என்ன விலை சொன்னாலும் சரி. வேணும்னா என் மேப்பிள் டாமை வெச்சுக்கங்க."

கொஞ்ச நேரம் டாமையே பார்த்தார்.

"கோச்சுக்காதீங்கண்ணே. வேற எது வேணா கேளுங்க. இதை வெச்சுத்தாண்ணே சோறு திங்கறேன்."

அப்பாவா இருந்தா என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். அதனால மேல கேக்கலை. கீழ சமையல்கட்டுல இருந்து பாயசம் வாசனை வந்துக்கிட்டிருந்தது, மேடையில கீபோர்டுக்காரர் வயரைத் தேடிக்கிட்டிருந்தார். ஹெட்டைத் திருப்பி வெச்சோம். அவர் ஒரு பக்கம் கீயைப் பிடிச்சார், நான் எதிர்ப்பக்கம். ஒரு ஸ்க்ரூ அவர், ஒரு ஸ்க்ரூ நான்னு எதிரெதிரா முறுக்கிக்கிட்டு வந்தோம். பையன் ஒவ்வொரு ஸ்க்ரூக்கிட்டயும் விரலால தட்டி, "இன்னும் கொஞ்சம் மாமா... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்"னு சொல்லிக்கிட்டே இருந்தான்.